தத்துவத்தில் பிஎச்டி: மறுத்துப் பேச ஓர் ஆள் தேவை

தத்துவத்தில் பிஎச்டி பண்ணலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் ஏறக்குறைய எல்லாருமே ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள்: "எனக்குச் சின்ன வயசிலிருந்தே தத்துவத்துல ஆர்வம்க்கா." ஐடியில் வேலை பார்க்கும் தம்பி, பள்ளிக்கூட வாத்தியார், பி.ஏ. முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கும் பெண், ஓய்வு பெறப்போகும் வங்கி அதிகாரி, இப்படி. யாரையும் குறை சொல்லவில்லை. நானும் பி.எஸ்சி. கணிதம் முடித்து, ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டே இக்னோவில் எம்.ஏ. தத்துவம் படித்தவள்தான், என்னையும் ஆர்வம்தான் இங்கே கொண்டுவந்து விட்டது. ஆனால் ஆர்வம் எம்.ஏ. வரைக்கும்தான் வண்டி ஓட்டும். பிஎச்டிக்கு வேண்டியது ஒரு கேள்வி, அப்புறம் அந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலை "இல்லை, அது தப்பு" என்று காரணத்தோடு சொல்லக்கூடிய ஓர் ஆள். முதலாவதை முயன்றால் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது நம் ஊரில் லேசில் கிடைப்பதில்லை, அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நடைமுறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். எம்.ஏ.வில் 55 சதவீதம் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. பிறகு நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு அல்லது பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு. நடுவில் எம்.ஃபில். என்று ஒரு படி இருந்தது. 2022இல் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறையோடு அது போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. சின்னதாக ஓர் ஆய்வேடு எழுதிப் பார்த்து, இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள அது நல்ல இடமாக இருந்தது. இப்போது பிஎச்டியில் சேர்ந்த பிறகுதான் அது தெரிகிறது, அதற்குள் இரண்டு வருஷம் போயிருக்கும். சேர்ந்தால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6, மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 வருஷத் தளர்வு உண்டு. ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் கைடாக இருக்கலாம். தத்துவத் துறைகளில் ஆசிரியர்களே கொஞ்சம்தான் என்பதால், கான்ட் பெரியவரா ஹெகல் பெரியவரா என்பதெல்லாம் அப்புறம், நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி "சார், உங்ககிட்ட வேகன்சி இருக்கா?"

காசு. ஜேஆர்எஃப் (நெட் தேர்வு வழியாக வரும் ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், அதன் அடுத்த கட்டமான எஸ்ஆர்எஃப் ஆனபின் 42,000. வயது வரம்பு 30, ஆனால் பெண்களுக்கு 5 வருஷத் தளர்வு இருப்பதால் எனக்குக் கிடைத்தது. வரும், ஆனால் மாதா மாதம் வரும் என்று நம்பி வீட்டு வாடகையை ஒப்புக்கொள்ள வேண்டாம். எனக்கு ஒருமுறை மாதக்கணக்கில் நின்றுபோய், ஒரு அலுவலகத்தில் கேட்டால் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டினார்கள், அங்கே போனால் முதல் அலுவலகத்தில் கையெழுத்து இல்லை என்றார்கள். கையில் கொஞ்சம் சேமிப்பு இல்லாமல் இறங்காதீர்கள். ஜேஆர்எஃப் இல்லாமல் மாநிலப் பல்கலைக்கழகத்தில் முழுநேரமாகச் செய்வது வீட்டில் வேறொருவர் சம்பாதித்தால் மட்டுமே நடக்கிற காரியம். முடித்த பிறகு வேலை? தமிழ்நாட்டில் தத்துவத் துறை இருக்கும் கல்லூரிகள் மிகக் குறைவு. நிறையப் பேர் ஆங்கிலத் துறையில், மேலாண்மைக் கல்லூரியில் 'எதிக்ஸ்' பாடம் எடுப்பதில், ஐ.ஏ.எஸ். பயிற்சி மையத்தில் போய் நிற்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள், அவ்வளவுதான். வேலைக்காக என்றால் வேறு படிப்பு இருக்கிறது.

நெட் பாடத்திட்டம் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனசு வரவில்லை. தத்துவத் தாளில் சமகால இந்தியத் தத்துவம் என்ற அலகில் விவேகானந்தர், அரவிந்தர், தாகூர், அம்பேத்கர், நாராயண குரு, ஜோதிபா பூலே, எம்.என். ராய் என்று போகிற வரிசையில் திருவள்ளுவரும் இருக்கிறார். வேறு எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கே உட்கார வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும். தமிழில் வாசித்து, தமிழில் யோசித்து வந்த ஒருவருக்கு அந்த மூன்று மணி நேரத்தில் தன்னுடையது என்று தொடக் கிடைப்பது அந்தச் சமகால வள்ளுவர் மட்டுமே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பிஎச்டியில் சேர்ந்ததும் படிக்க வேண்டிய கோர்ஸ் ஒர்க் வகுப்புக்கு முதல் நாள் போனால் பாதிப் பேர் ஃபாதர்களும் பிரதர்களும். வெளியே இருப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். கத்தோலிக்கக் குருத்துவப் படிப்பில் இறையியலுக்கு முன்னால் தத்துவம் கட்டாயம். அதனால் தமிழ்நாட்டில் தத்துவத்தை ஒழுங்காக, வருஷக்கணக்கில், கால அட்டவணை போட்டுப் படிக்கிற பெரிய கூட்டம் அவர்கள்தான். சென்னை திருவான்மியூரில் சத்திய நிலையம், மதுரைக்குப் பக்கத்தில் கருமாத்தூரில் அருளானந்தர் கல்லூரி, இந்த மாதிரி இடங்களிலிருந்து வருகிறவர்கள். ஒரு வாதத்தை எடுத்தால் முதலில் அதற்கு எதிரான ஆட்சேபணைகளை அடுக்கி, பிறகு விடை சொல்லும், இடைக்காலக் கத்தோலிக்கத் தத்துவவாதி அக்வினாஸின் முறையில் பழகியவர்கள் என்பதால் சும்மா தலையாட்ட மாட்டார்கள். எனக்குக் கிடைத்த முதல் நல்ல எதிர்வாதி ஒரு ஃபாதர். நான் எதைச் சொன்னாலும் "சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்று ஆரம்பிப்பார். நான் சிஸ்டர் இல்லை ஃபாதர் என்று சொல்லிப் பார்த்தேன், மாறவில்லை.

கைடிடம் நான் கொண்டுபோன தலைப்பு எல்லாரும் கொண்டுபோகிற மாதிரியானதுதான்: 'தமிழ்ப் பௌத்தத் தத்துவம்: ஓர் ஆய்வு'. சார் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை யாராவது தப்புன்னு சொல்ல முடியுமாம்மா?"

"தலைப்பை எப்படி சார் தப்புன்னு சொல்றது?"

"அதான் சொல்றேன். நீங்க எழுதப்போறதுல ஒரு வரியாவது, ஒருத்தன் எந்திரிச்சு இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கணும். அந்த வரி கிடைச்சதும் வாங்க."

அந்த வரி கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. தமிழ்ப் பௌத்தம் சுருங்கி மணிமேகலை ஆனது, மணிமேகலை சுருங்கி அதன் அளவையியல், அதாவது தர்க்கப் பகுதி, ஆனது, அது சுருங்கி 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அனுமானத்தை விளக்கும் பகுதியில் வந்து நின்றது. மலையில் நெருப்பு இருக்கிறது: இது பக்கம். ஏனென்றால் புகை இருக்கிறது: இது ஏது. அடுக்களையில் பார்த்திருக்கிறோமே, அதுபோல: இது திட்டாந்தம். நியாயம் என்ற தர்க்க மரபைச் சேர்ந்தவர்கள் இத்தோடு விட மாட்டார்கள். இந்த மலையிலும் அந்தப் புகை இருக்கிறது என்று உபநயம், ஆகவே நெருப்பு இருக்கிறது என்று நிகமனம், மொத்தம் ஐந்து உறுப்பு வேண்டும் என்பார்கள். பௌத்தத் தர்க்க அறிஞர் திக்நாகரின் வழிவந்தவர்களுக்கு முதல் மூன்றே போதும்.

மணிமேகலை எந்தப் பக்கம்? இங்கேதான் எனக்கு வேலை கிடைத்தது. காட்சி, கருத்து (அனுமானம்) என்று அளவை, அதாவது அறியும் வழி, இரண்டே இரண்டுதான் என்று அது தொடங்குவது அப்படியே திக்நாகர் கொள்கை. ஆனால் அனுமானத்துக்கு வந்ததும் ஐந்து உறுப்புகளையும் பேர் சொல்லி, எடுத்துக்காட்டு கொடுத்து விளக்கிவிட்டு, பிறகு கடைசி இரண்டும் திட்டாந்தத்துக்குள்ளேயே அடங்கிவிடும் என்கிறது. மூன்றுதான் என்றால் மூன்றைச் சொல்லிவிட்டுப் போகலாமே? ஐந்தைக் கடை பரப்பி, அப்புறம் இரண்டை எடுத்து உள்ளே வைப்பானேன்?

இது சின்னக் கேள்வி மாதிரி இருக்கும். இதற்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது. நியாயப்பிரவேசம் என்று திக்நாகர் மரபில் வந்த ஒரு சின்னஞ்சிறு சமஸ்கிருத நூல், சங்கரசுவாமி எழுதியது என்பார்கள், சீனப் பயணி சுவான்சாங் அதை 647இல் சீனத்தில் மொழிபெயர்த்தார். அதில் போலிகள், அதாவது அந்த மூன்று உறுப்பிலும் வரும் பிழைகள், எண்ணப்படுகின்றன: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. மணிமேகலையிலும் அதே 9, அதே 14, அதே 10. எடுத்துக்காட்டுகள்கூடப் பல இடத்தில் ஒன்றுதான். 'என் தாய் மலடி' என்று ஒருவன் சொன்னால் அவன் பேச்சை அவன் பேச்சே மறுக்கிறது. ஒலி காதுக்குப் புலப்படாது என்றால் காட்சி மறுக்கிறது. இவ்வளவு ஒற்றுமை இருப்பதால் மணிமேகலை அந்த மரபிலிருந்து எடுத்தது, ஆகவே திக்நாகருக்குப் பிற்பட்டது என்று சமஸ்கிருத அறிஞர் குப்புசாமி சாஸ்திரி வாதாடினார். வரலாற்றாசிரியர் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928இல் மணிமேகலை பற்றித் தனி நூலே எழுதி, திக்நாகருக்கு முந்தியதாக இருக்கத் தடையில்லை என்று நின்றார். திக்நாகரே காஞ்சிப் பக்கத்துக்காரர் என்றுதான் திபெத்திய மரபு சொல்கிறது, அதனால் யார் யாரிடமிருந்து எடுத்தார் என்பது அவ்வளவு சுலபமாக முடிகிற வழக்கு இல்லை.

அவர்கள் சண்டை காலத்தைப் பற்றியது. எனக்குக் காலத்தில் அவ்வளவு அக்கறை இல்லை. நியாயப்பிரவேசம் மூன்றுதான் அவயவம் (உறுப்பு) என்று கறாராகச் சொல்கிறது. மணிமேகலை ஐந்தைச் சொல்லி மூன்றாக்குகிறது. இது நகல் எடுப்பவர் செய்கிற காரியமாக எனக்குப் படவில்லை. எதிரே இருப்பவர்கள் ஐந்துக்குப் பழகியவர்கள், அவர்கள் கணக்கிலேயே ஆரம்பித்து, அவர்கள் கண் முன்னாலேயே இரண்டைக் குறைத்துக் காட்டுகிறார் மணிமேகலையை எழுதிய சாத்தனார், அதாவது அந்த இடம் பாடம் நடத்துகிற இடமாகத் தெரிந்தாலும் உள்ளே ஒரு வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. இதுதான் என் வரி. சாரிடம் சொன்னபோது "ம், இதைத் தப்புன்னு சொல்லலாம்" என்றார். அன்றைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அப்புறம்தான் சிக்கல். தப்பு என்று சொல்ல ஆள் எங்கே?

தமிழ்த் துறையில் மணிமேகலை இருக்கிறது. பள்ளியில் விழாவறை காதை, கல்லூரியில் பெரும்பாலும் ஆதிரை பிச்சையிட்ட காதை, காப்பியச் சுவை, பசிப்பிணி ஒழிப்பு, நாட்டு வளம். 27க்கு மேல் போனால் "அது சமயம்மா, வறட்டுப் பகுதி" என்று தாண்டிவிடுகிறார்கள். தத்துவத் துறையில் அளவையியல் இருக்கிறது, ஆனால் அது சமஸ்கிருதத்தில் பிறந்து ஆங்கிலத்தில் வந்துசேர்ந்த அளவையியல். தமிழில் இப்படி ஒரு பகுதி இருக்கிறது என்றால் "இன்ட்ரஸ்டிங்" என்பார்கள். இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போது பயம். சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே தத்துவத்துக்கு ஒரு துறையும் சைவ சித்தாந்தத்துக்குத் தனியாக ஒரு துறையும் உண்டு. தனித்தனியாக இருப்பதில் நன்மையும் இருக்கலாம். ஆனால் இந்தப் பிரிவினையில் நடுவில் விழுகிற கேள்விக்கு வீடு கிடையாது.

கருத்தரங்கம் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். நான் போன ஒரு தேசியக் கருத்தரங்கில் குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிய மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. சாப்பாட்டுக்குப் பின் ஆளுக்கு ஏழு நிமிஷம் கட்டுரை வாசிக்கலாம், நேரமின்மை காரணமாகக் கேள்வி நேரம் இல்லை என்று அறிவித்தார்கள். சான்றிதழ் மட்டும் சரியான நேரத்துக்கு வந்தது. கேள்வி இல்லாத கருத்தரங்கத்துக்கு எதற்காக ஊர் விட்டு ஊர் பஸ் ஏறிப் போக வேண்டும், தபாலில் அனுப்பிவிடலாமே. இதில் வேடிக்கை என்னவென்றால் நம்மிடம் இருக்கும் பழைய தத்துவ நூல்கள் எல்லாமே சண்டைக்கார நூல்கள். சமணக் காப்பியத்து நாயகி நீலகேசி ஊர் ஊராகப் போய்ப் பௌத்தரையும் ஆசீவகரையும் சாங்கியரையும் வாதத்துக்கு இழுக்கிறாள். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கம் முழுக்கப் பிறர் கொள்கையை முதலில் அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பிறகு மறுப்பது. அவ்வளவு அடக்கமான மணிமேகலைகூட வஞ்சியில் எல்லாச் சமயத்தாரும் சொல்வதைப் பேசாமல் கேட்டுக்கொண்டே வந்து, கண்ணால் காண்பதே பிரமாணம் என்று பூதவாதி சொன்னதும் சிரித்துவிட்டு, உன் தாய் தந்தை இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்டுவிடுகிறாள். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கருத்தரங்கத் தலைவர் முகம் நினைவுக்கு வரும்.

எதிர்வாதிகளை நானாகத் தேட வேண்டியிருந்தது. செத்துப்போனவர்களிடமிருந்து ஆரம்பித்தேன். உ.வே.சா. 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது அதற்குப் பழைய உரை ஒன்றும் கிடையாது, பௌத்தம் தெரிந்த புலவர்களும் இல்லை. கும்பகோணத்தில் ரங்காசாரியரிடம் போய், அவர் ஆங்கிலப் புத்தகங்களைப் படித்து விளக்கச் சொல்லிக் கேட்டு, அதிலிருந்து தானே குறிப்புரை எழுதினார். நியாயப்பிரவேசத்தின் சமஸ்கிருத மூலம் பரோடாவிலிருந்து அச்சில் வந்தது 1930இல்தான்; ஒப்பிட்டுப் பார்க்க ஐயருக்கு அது அகப்படவே இல்லை. சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் பதிப்பில் கடைசி நான்கு காதைகளுக்கு உரை எழுதியவர் ஔவை துரைசாமிப் பிள்ளை, அவர் காலத்தில் அந்த நூல் இருந்தது. இந்த இரண்டு பேரின் உரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், எந்த இடத்தில் எவருக்கு எது கையில் இல்லை என்பது தெரியும். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகமும், அதிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே தியசாபிகல் சொசைட்டி வளாகத்தில் அடையாறு நூலகமும் இருப்பது சென்னையில் படிப்பவர்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். காலையில் தமிழ், மத்தியானம் சமஸ்கிருதம் என்று ஒரே நாளில் இரண்டு பக்கமும் பார்த்துவிடலாம்.

உயிரோடு இருப்பவர்களில், ஃபாதரை விட்டால், முதலில் கிடைத்தவர் மயிலாப்பூரில் எனக்குச் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுக்கும் பெரியவர். நியாயம் படித்தவர். மூன்று உறுப்பு போதும் என்ற பேச்சையே ஏற்க மாட்டார். "புகை இருந்தா நெருப்பு இருக்கும், சரி. அந்தப் புகைதான் இந்த மலையில இருக்குன்னு நீ சேர்த்துச் சொல்லாட்டா எதிராளி எப்படிம்மா ஒத்துப்பான்? அடுக்களையைக் காட்டினா அடுக்களையோட நின்னுடுவான்." உபநயம் வெறும் திருப்பிச் சொல்லல் இல்லை, பொதுவானதை இந்த இடத்தோடு கோக்கிற காரியம் அங்கேதான் நடக்கிறது என்பது அவர் கட்சி. திட்டாந்தத்துக்குள் அடங்கும் என்று மணிமேகலை சொல்வது இதற்கு விடை ஆகுமா ஆகாதா என்று ஒரு இயல் முழுக்க எழுதியிருக்கிறேன். அவர் இல்லாவிட்டால் அந்த இயல் இல்லை. பக்தி நூல் தவிர மற்றத் தமிழ் நூல்களில் அவருக்கு மரியாதை குறைவு, அதைப் பற்றி நாங்கள் தனியாகச் சண்டை போட்டிருக்கிறோம், அது வேறு கதை.

இன்னொருவர் நான் எதிர்பார்க்காதவர், எங்கள் அம்மா. ஊர் சின்னமனூர்ப் பக்கம், மாடியில் நின்றால் மேகமலை தெரியும். என்னதான்டி படிக்கிற என்று கேட்டாள், புகை நெருப்பு மலை என்று சொன்னேன். "மார்கழியில அங்க தெரியறது பொகையா பனியான்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டு முருங்கைக்கீரை உருவப் போய்விட்டாள். 29ஆம் காதையில் ஏதுப்போலி வரிசையில் சித்தாசித்தம் என்பது இதேதான்: ஆவியோ பனியோ என்று ஐயம் இருக்கும்போதே புகை என்று துணிந்து நெருப்பு உண்டு என்று முடிவு கட்டுவது. அம்மா எட்டாவது வரை படித்தவள். கருத்தரங்கில் கிடைக்காத கேள்வி.

மூன்றாவதாக வந்தவர் தமிழ்த் துறையில் ஆய்வு செய்யும் ஒரு தோழி, இவள்தான் உண்மையில் என்னைத் தூங்கவிடாதவள். என் வரியைக் கேட்டுவிட்டு 27ஆம் காதையைத் திறந்தாள். "அளவைவாதி வர்றான், சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி. பத்துப் பேர் பேசுறாங்க. உன் நையாயிகன் எங்கடி?" நையாயிகன் என்றால் நியாயக்காரன். இருக்கிறான், அளவைவாதி ஆறு சமயங்களைச் சொல்லும் பட்டியலில் நையாயிகமும் அதன் ஆசிரியன் அக்கபாதனும் பேரளவில் வருகிறார்கள், ஆனால் பேச ஆள் வரவில்லை. ஐந்து உறுப்பு கேட்பவர்கள்தான் எதிராளி என்றால், அந்த எதிராளிக்கு அவ்வளவு பெரிய காதையில் ஒரு நாற்காலிகூடப் போடாதது ஏன்? இரண்டு வெவ்வேறு மூலங்களிலிருந்து எடுத்ததைச் சாத்தனார் சேர்த்துத் தைத்திருக்கிறார், தையல் தெரியும் இடத்தை நீ வாதம் என்கிறாய் என்பது அவள் கட்சி. இதற்கு நான் எழுதியிருக்கும் பதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. அளவைவாதியின் வாயிலேயே நையாயிகரும் கலந்து பேசுகிறார் என்று ஒரு வழி இருக்கிறது. ஆனால் அவன் வியாதன் சொன்ன பத்து அளவை, கிருதகோடி சொன்ன எட்டு, சைமினி சொன்ன ஆறு என்றெல்லாம் போகிறானே தவிர, நியாயக்காரரின் நான்கைத் தன் கணக்கு என்று எடுத்துக்கொள்வதில்லை. ஆய்வேட்டின் சுருக்கமான சினாப்சிஸ் கொடுக்கும்போதும் இந்த ஓட்டை அங்கேதான் இருக்கும். இருக்கட்டும். ஓட்டை எங்கே இருக்கிறது என்று ஆய்வேட்டிலேயே எழுதிவிடப் போகிறேன், வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் யாராவது அதைப் பிடித்துக் கேட்டால் சந்தோஷம்.

ஆகவே சேர நினைப்பவர்களுக்கு என் யோசனை கொஞ்சம் கோணலானது. படிவம் வாங்குவதற்கு முன் ஷோத்கங்கா என்ற ஆய்வேட்டு இணையதளத்தில் போய், நீங்கள் சேர விரும்பும் துறையிலிருந்து வந்த ஆய்வேடுகளில் இரண்டு மூன்றை முழுதாகப் படியுங்கள், இலவசம்தான். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வியை மட்டும் வைத்துப் படியுங்கள்: இவர் யாரோடு முரண்படுகிறார்? பல ஆய்வேடுகளில் அப்படி ஒருவரும் இருக்க மாட்டார். 'இன்னார் பார்வையில் இன்னது' என்று முந்நூறு பக்கம், இயல் ஒன்றில் வாழ்க்கை வரலாறு, இயல் இரண்டில் கருத்துகள், கடைசி இயலில் இன்றைய உலகுக்கு இவை மிகவும் தேவை என்று முடியும். அதை எழுதியவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை, அவரிடம் யாரும் கேட்கவில்லை. முரண்படுகிற ஆய்வேடு ஒன்றாவது கண்ணில் பட்டால், அதன் கைடு யார் என்று முதல் பக்கத்தில் பாருங்கள். அவரிடம் வேகன்சி இருக்கிறதா என்று விசாரியுங்கள். பெரிய பேர், பெரிய பல்கலைக்கழகம் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இன்னொன்று, பட்டம் இல்லாமலும் இது நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணன், உறவுக்காரர் ஒருவரின் பழைய தத்துவப் பாடநூல்கள் இனாமாகக் கிடைத்ததால்தான் அந்தப் பாடத்தையே எடுத்தார் என்று சொல்வார்கள். அவர் படித்து வாங்கிய பட்டம் எம்.ஏ.யோடு சரி, மற்ற டாக்டர்களெல்லாம் பிறகு தேடி வந்தவை. அந்தக் காலம் வேறு, இன்று கல்லூரியில் நிரந்தர வேலைக்கு நெட், மாநில அளவிலான செட் அல்லது பிஎச்டி இல்லாமல் நுழைய முடியாது. ஆனால் உங்களுக்கு வேண்டியது வேலை இல்லை, கேள்விதான் என்றால், ஐந்தாறு வருஷம் பல்கலைக்கழகத்துக்குக் கட்டணமும் அலுவலகத்துக்குக் கும்பிடும் போட வேண்டிய அவசியமில்லை. அந்த ஐடி தம்பியிடம் இதைத்தான் சொன்னேன், முகம் வாடிவிட்டது. பேருக்கு முன்னால் டாக்டர் போடுவதும் ஒரு ஆசைதான், அதில் தப்பில்லை, ஆனால் அதை ஆசை என்றே சொல்லிக்கொள்வது நல்லது.

சனிக்கிழமை சாயங்காலங்களில் நானும் தோழியும் ஃபாதரும் சேர்ந்து 29ஆம் காதையை வரி வரியாகப் படிக்கிறோம். இப்போது ஏதுப்போலியில் அநைகாந்திகம் (ஏது ஒரு பக்கமாக நில்லாத பிழை) ஆறில் நான்காவதில் நிற்கிறோம், இரண்டு வாரமாக நகரவில்லை, ஃபாதர் விட மாட்டேன் என்கிறார். தமிழ் வாசிக்கத் தெரிந்தால் போதும், சமஸ்கிருதம் தேவையில்லை. நியாயக் கட்சி பேசத்தான் யாரும் இல்லை, பெரியவர் சனிக்கிழமை வெளியே வருவதில்லை. அந்தக் கட்சியில் உட்கார ஆள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.